பதினேழாவது கல்: ஒரு ஃபேன் ஆர்ட் படத்தைப் படிக்கும் முறை

ஃபேன் ஆர்ட் படத்துக்கு, அதாவது தனக்குப் பிடித்த கதையை ரசிகர் ஒருவர் வரையும் படத்துக்கு, பொருள் சொல்ல வருகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். சிவப்பு கோபம், கறுப்பு தீமை, வெள்ளை தூய்மை. இப்படி ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு எந்தப் படத்தைப் பற்றியும் அரைப்பக்கம் எழுதிவிடலாம். ஆனால் அந்த அரைப்பக்கம் வேறு எந்தப் படத்துக்கும் பொருந்தும் என்பதால், இந்தப் படத்தைப் பற்றி அது எதுவுமே சொல்வதில்லை.

ஃபேன் ஆர்ட் வெற்றுத்தாளில் தொடங்கும் கலை இல்லை. அதற்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. கொடியின் நிறம், குதிரையின் பெயர், கல்லறையில் பூக்கும் பூ எல்லாம் அந்தக் கதையில் ஏற்கெனவே முடிவாகிவிட்டவை. ஓவியர் அவற்றை அப்படியே வரைந்தால், அங்கே பேசுவது கதாசிரியர். எதை மாற்றினார், எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்ற இடங்களில்தான் ஓவியரின் குரல் கேட்கும். ஆகவே குறியீட்டைத் தேடுவதற்கு முன் விலகலைத் தேட வேண்டும். கதை தெரியாமல் விலகல் தெரியாது.

இந்தப் பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. நடராசர் திருமேனியில் வலக்கால் முயலகன்மேல் ஊன்றியிருக்கும், இடக்கால் தூக்கியிருக்கும். வலப் பின்கையில் உடுக்கை, இடப் பின்கையில் தீ. மதுரை வெள்ளியம்பலத்தில் மட்டும் வலக்காலைத் தூக்கி ஆடுகிறார். மரபு தெரியாதவருக்கு அது இன்னொரு நடராசர். தெரிந்தவருக்கு, நின்ற காலுக்கு ஓய்வு கொடுக்கச் சொன்ன பாண்டியனின் வேண்டுதல் அந்தக் கால் மாற்றத்தில் தெரிகிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக்கூடத்தில் ஒரு முற்பகல் செலவிட்டு, ஒரே தெய்வத்தின் இரண்டு மூன்று திருமேனிகளைக் கை கையாக ஒப்பிட்டுப் பார்ப்பது இந்த வேலைக்கு மிகச் சிறந்த பயிற்சி. எது எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறது, எது ஒன்றில் மட்டும் மாறுகிறது என்று கண் தானே பிரிக்கத் தொடங்கிவிடும்.

விளக்குவதற்கு ஒரு படத்தை அமைத்துக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்த ஓவியருடையதும் அல்ல. மேற்கத்திய ஃபேன்டஸி கதையை நம்மூர்ப் பொருள்களோடு கலந்து வரையும் படங்களின் கூறுகளைக் கொண்டு கட்டியது. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் 2024-இல் காமிக் கான் ரசிகர் விழா நடந்தபோது கலைஞர் மேசைகளில் அடுக்கியிருந்த பிரிண்டுகளைப் புரட்டியவர்களுக்கு இந்த வகை பழக்கமானதாக இருக்கும்.

ஏ3 தாள், செங்குத்து. கதை டோல்கீனின் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’. பெலென்னோர் களத்தில் ரோஹன் நாட்டின் முதிய அரசர் தியோடன் குதிரையில் பாய்கிறார். குதிரை வெள்ளை, ஆனால் வடிவம் அய்யனார் கோவில் மண்குதிரை: தடித்த கழுத்து, உருண்ட கண், பல் தெரியும் வாய், மார்பில் மணிச்சரம். அரசருக்குப் பச்சை மேலங்கி, கழுத்தில் சின்ன வெள்ளைப் பூக்களின் மாலை, கையில் பிளந்துபோன கொம்பு. பின்னால் கடலிலிருந்து சூரியன் எழுகிறது. குதிரையின் குளம்புக்குக் கீழே இரண்டு வரிசையாக நடுகற்கள். வலக் கீழ்மூலையில், கறுப்புப் பாம்பு வரைந்த சிவப்புக் கொடி சாய்கிறது. அதைப் பிடித்திருந்தவன் மண்ணில் கிடக்கிறான், முகம் நம்மை நோக்கித் திரும்பியிருக்கிறது.

முதல் ஐந்து நிமிடம் பொருள் எதுவும் சொல்லக் கூடாது. தாளும் பேனாவும் எடுத்து, இருப்பதை மட்டும் எழுத வேண்டும். “வீரமான அரசர்” என்று எழுதக் கூடாது. “முதியவர், வாய் திறந்திருக்கிறது, பார்வை இடப்பக்கம் கீழே” என்று எழுத வேண்டும். எண்ணக்கூடியதை எல்லாம் எண்ண வேண்டும். கற்கள் எத்தனை, எந்த வரிசையில் எத்தனை? ஒளி எந்தப் பக்கமிருந்து வருகிறது? யார் யாரைப் பார்க்கிறார்கள்? கை எதைத் தொடுகிறது? படத்தின் நான்கு ஓரங்களையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். அவசரத்தில் யாரும் ஓரத்தைப் பார்ப்பதில்லை. யோசித்து வரையும் ஓவியர்கள் முக்கியமானதை அங்கே வைப்பதும் உண்டு.

அடுத்து போனில் மூன்று சிறு வேலைகள். படத்தின் நிறச்செறிவைப் பூஜ்யத்துக்கு இறக்கிக் கறுப்பு வெள்ளையாக்குங்கள். எங்கே வெளிச்சமும் இருளும் மிகக் கூர்மையாக மோதுகின்றனவோ, அங்கேதான் ஓவியர் நம் கண்ணை இழுக்கிறார். பிறகு படத்தை இட வலமாகத் திருப்புங்கள். பழகிப்போன படம் மறுபடி புதிதாகத் தெரியும், எடை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதும் புரியும். கடைசியாகக் கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்குங்கள். அப்போதும் தெரிவது எதுவோ அதுவே படத்தின் எலும்புக்கூடு. நம் மாதிரிப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால், மிகக் கூர்மையான மோதல் அரசரின் முகத்தில் இல்லை, சூரியனிலும் இல்லை. கீழே கிடப்பவனின் கருங்கூந்தலில் செருகியிருக்கும் ஒரு வெள்ளைப் பூவில் இருக்கிறது. இதைக் குறித்து வைத்துக்கொண்டு நகரலாம்.

இப்போது கதை. இங்கே துல்லியம் வேண்டும், ஏனென்றால் திரைப்படத்தை மட்டும் பார்த்தவரும் நாவலைப் படித்தவரும் வேறு வேறு படங்களை வரைகிறார்கள். கொம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில், பாய்ச்சலுக்கு முன் தியோடன் கொம்பை வாங்கி ஊதுகிறார். ஊதிய வேகத்தில் அது வெடித்துப் பிளக்கிறது. திரைப்படத்தில் கொம்பு பிளப்பதில்லை. ஆகவே பிளந்த கொம்பு, வயதான அரசரின் உடைவைக் காட்டும் குறியீடு என்று எழுதுவதற்கு முன், அது நூலில் உள்ளபடியே வரையப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும். அது விலகல் அல்ல. ஓவியர் எந்த மூலத்திலிருந்து வரைகிறார் என்பதற்கான சான்று. இதுபோன்ற ஒரு சான்று கிடைத்துவிட்டால் மற்ற எல்லாவற்றையும் நாவலோடு ஒப்பிடலாம் என்ற தெம்பு வரும்.

கொடியும் அப்படித்தான். சிவப்பில் கறுப்புப் பாம்பு என்பது தெற்கிலிருந்து வந்த ஹாரட் படையின் தலைவனுடைய கொடி, நாவலிலேயே இருக்கிறது. சென்னையில் கறுப்பும் சிவப்பும் சேர்ந்து ஒரு கொடியில் தெரிந்தால் மனம் உடனே தெருமுனைக் கொடிக்கம்பத்துக்குப் போய்விடும். “அரசியல் விமர்சனம்” என்று எழுதவும் கை துறுதுறுக்கும். கதை தெரிந்தவர் அங்கே நின்றுவிடுவார். இந்த நிறங்களைத் தேர்ந்தெடுத்தவர் சென்னை ஓவியர் அல்ல. கட்சிக்கொடியின் அமைப்பை ஓவியர் வலிந்து கொண்டுவந்திருந்தால், அதாவது பாம்பை எடுத்துவிட்டு இரண்டு பட்டைகளாகப் பிரித்திருந்தால், அப்போது பேசலாம். ரோஹனின் கொடி பச்சையில் வெள்ளைக் குதிரை. அரசரின் பச்சை மேலங்கியும் வெள்ளைக் குதிரையும் அதன் எதிரொலி என்பதால் அவற்றையும் கதையின் கணக்கிலேயே எழுதிவிடலாம்.

மிச்சம் இருப்பவை ஐந்து: மண்குதிரை, பூமாலை, நடுகற்கள், கடல், விழுந்தவனின் முகம். இவை கதையில் இப்படி இல்லை.

கடலை முதலில் பார்ப்போம், ஏனென்றால் அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ரோஹன் படை வடக்கிலிருந்து தெற்கு நோக்கிப் பாய்கிறது. கிழக்கே பகைவனின் நாடான மோர்டோரின் மலைகள். கதைப்படி சூரியன் அந்த மலைப்பக்கத்திலிருந்துதான் வர வேண்டும், வீரர்களுக்கு இடப்பக்கமாக. கடல் தெற்கே தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வீசும் காற்றுதான் இருளைக் கலைக்கிறது. படத்தில் சூரியன் கடலிலிருந்தே எழுகிறது. இது ஆழ்ந்த குறியீடா, மெரினாவில் விடியலைப் பார்த்துப் பழகிய கை தானாக வரைந்ததா? இரண்டும் இருக்கலாம்.

இதைப் பிரிக்க மூன்று கேள்விகள் உதவும். அந்த மாற்றம் படத்தில் இன்னோர் இடத்திலும் ஒலிக்கிறதா? அதை வரைய ஓவியருக்கு உழைப்பு செலவாகியிருக்கிறதா? தலைப்பிலோ குறிப்பிலோ அதைத் தொட்டிருக்கிறாரா? கடலுக்கு மூன்றுக்கும் இல்லை என்றே பதில் வருகிறது. அலை இன்னோர் இடத்தில் எதிரொலிக்கவில்லை, அடிவானத்தில் ஒரு நீலக்கோடுதான், தலைப்பிலும் இல்லை. ஆகவே அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பக் கூடாது. “விடியல் சென்னைக்காரரின் விடியலாக இருக்கிறது” என்று ஒரு வரியில் சொல்லி நகர வேண்டியதுதான்.

கற்களுக்கு அதே மூன்று கேள்விகளைக் கேட்டால் கதை மாறுகிறது. நாவலில் ரோஹன் அரசர்களின் கல்லறை மேடுகள் எடோராஸ் நகரின் அடிவாரத்தில் இருக்கின்றன. நகருக்கு வருபவரின் இடப்பக்கம் 7, வலப்பக்கம் 9. முதல் மரபில் ஒன்பது அரசர்கள், இரண்டாம் மரபில் அதுவரை ஏழு பேர். தியோடன் பதினேழாமவர். இந்தப் போரில் அவர் இறந்த பிறகு, ஏழு மேடுகள் உள்ள கிழக்கு வரிசையில் எட்டாவது மேடு சேர்கிறது. இப்போது படத்தில் கற்களை எண்ணுங்கள். இடப்பக்கம் 7, வலப்பக்கம் 9, ஒவ்வொன்றிலும் வேறு வேறு உருவம் செதுக்கியிருக்கிறது. இட வரிசையின் கடைசியில், தாளின் கீழ் ஓரத்தை ஒட்டி, செதுக்காத வெற்றுக்கல் ஒன்று. அது பதினேழாவது.

ஒருவர் 16 கற்களில் 16 வேறு உருவங்களை வரைந்திருக்கிறார் என்றால் அது பல மணி நேர வேலை. எண் கதையோடு துல்லியமாகப் பொருந்துகிறது. இடம் மட்டும் பொருந்தவில்லை. கல்லறைகள் இருப்பது பல நாள் குதிரைப் பயணத்துக்கு அப்பால். அங்கிருந்ததைப் பெயர்த்துப் போர்க்களத்தில் நட்டவர், அரசர் பாய்வது பகைவரை நோக்கி மட்டும் அல்ல, தன் முன்னோர் வரிசையை நோக்கியும் என்று சொல்கிறார். அவர் இன்னும் விழவில்லை, கல் காத்திருக்கிறது. மேட்டை நடுகல்லாக மாற்றியதும் வெறும் நம்மூர் அலங்காரம் அல்ல. தொல்காப்பியம் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு படிகள் சொல்கிறது. தகுந்த கல்லைத் தேடிக் காண்பதுதான் முதல் படி. செதுக்காத கல் அந்த முதல் படியிலேயே நிற்கிறது. பெயரும் உருவமும் ஏறாத கல் என்பதால், வீரன் உயிரோடிருக்கும்போதே அதை வரைய முடிகிறது. கல்லறை மேட்டை வைத்து இதைக் காட்டியிருக்க முடியாது. வெறும் மேடு என்ற ஒன்று இல்லையே.

மண்குதிரையை விரைவாகக் கடந்துவிடலாம். அய்யனாரின் குதிரை ஊர் எல்லையைக் காப்பது. அரசரும் ஒரு நகரத்தின் எல்லையைக் காக்க வந்தவர். பொருத்தம் நன்றாகவே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தட்சிணசித்ராவில் இந்தக் குதிரைகளை அருகில் நின்று பார்க்கலாம். என் மதிப்பீட்டில் படத்தின் மிக உரத்த மாற்றம் இது, ஆழம் குறைந்த மாற்றமும் இதுதான். தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்கு, அதாவது சொன்னதற்குள் இன்னொரு பொருளை ஒளித்து வைக்கும் உவமைக்கு, நிலத்துக்குரிய கருப்பொருளைக் கொள்ளச் சொல்லும்போது தெய்வத்தை மட்டும் விலக்கிவிடுகிறார். மரம், பூ, விலங்கு, பறவை போதும் என்கிறார். கரும்பு நட்ட பாத்தியில் ஆம்பல் தழைத்து வண்டின் பசியைத் தீர்க்கிறது என்று மட்டும் சொல்லித் தலைவனின் புறத்தொழுக்கத்தை உணர்த்திவிடுகிறது ஒரு மருதப் பாட்டு. தெய்வத்தைக் கூப்பிட்டுவிட்டால் அது எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடும், உள்ளே ஒளிந்திருக்க ஒன்றும் மிஞ்சாது. படத்திலும் குதிரை கத்துகிறது, பூ பேசுகிறது.

ஆகவே பூவுக்கு வருவோம். நாவலில் ரோஹன் கல்லறைகளின் மேற்குச் சரிவில் சிம்பெல்மைனே என்ற வெள்ளைப் பூ எல்லாப் பருவத்திலும் பூக்கிறது, புல்லுக்கிடையில் சின்ன நட்சத்திரங்களாக. இறந்தவர் துயிலும் இடத்தில் வளரும் பூ அது. படத்தில் உள்ள மாலையை முதல் பார்வையில் அதுவென்றே எடுத்துக்கொள்ளத் தோன்றும். பெரிதாக்கிப் பாருங்கள். இதழ்கள் நட்சத்திரமாக விரியவில்லை. காம்பைச் சுற்றி உருண்டையான பச்சைக் கொத்து, அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே நீளும் வெள்ளைப் பூ, கீழ் உதடு மட்டும் அகன்று தொங்குகிறது. இலை ஒடுக்கமாக இருக்கிறது. இது தும்பை. மழை விட்டபின் சென்னையில் எந்தக் காலி மனையிலும் முளைக்கும் அதே செடி. வேட்டியின் வெளுப்புக்கு நாம் உவமை சொல்லும் அதே பூ.

இந்த இடத்தில் பூவின் உறுப்புகளைப் பார்க்காமல் “வெள்ளைப் பூ, ஆகவே தூய்மை” என்று எழுதியவர் படத்தின் மையத்தையே தவறவிடுகிறார். போரைப் பாடும் புறத்திணையில் பூவின் பெயரே போரின் பெயர்: வெட்சி ஆநிரை கவர்வது, வஞ்சி மண் கொள்ளப் படையெடுப்பது, உழிஞை மதிலை வளைப்பது, வாகை வெற்றி. தும்பை, தன் வலிமையை உலகறியச் செய்ய வந்த வேந்தனை எதிர்சென்று பொருவது. ஓவியர் வாகை சூட்டவில்லை. பாய்ச்சலின் முடிவில், ரோஹன் காக்க வந்த கோண்டோர் நாடு வெல்லத்தான் போகிறது, வாகை சூட்டியிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தும்பையைத் தேர்ந்தார். மண்ணுக்காகவோ மதிலுக்காகவோ இல்லாமல், எதிரெதிரே நின்று வீரத்தை அளக்கும் போராக இந்தக் காட்சியைப் பார்க்கிறார். இன்னொன்றும் இருக்கிறது. தொல்காப்பியம் தும்பையை, கடல்சார்ந்த நிலமான நெய்தலுக்குப் புறனாக, அதாவது அதற்கு இணையான போர்த்திணையாக, வைக்கிறது. நெய்தலின் உரிப்பொருள், அதாவது அதற்குரிய உணர்வு, இரங்கல். அப்படியானால் அடிவானத்து நீலக்கோட்டைத் திரும்பப் பார்க்க வேண்டுமா? பார்க்கலாம், ஆனால் முன்பு கேட்ட மூன்று கேள்விகளின் பதில் இன்னும் மாறவில்லை. தலைப்பிலோ குறிப்பிலோ நெய்தல் என்று ஒரு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். பொருள் அழகாக இருக்கிறது என்பது சான்று ஆகாது.

இனி, கறுப்பு வெள்ளையில் கண்ணை இழுத்த அந்த இடம். விழுந்து கிடக்கும் கொடிக்காரனின் கூந்தலிலும் அதே பூ இருக்கிறது. அதே உருண்டைக் கொத்து, அதே தொங்கும் உதடு. தும்பைப் போரில் இரு தரப்பாரும் தும்பை சூடுவார்கள் என்பது மரபு. நாவலில் ஹாரட் படை தெற்கிலிருந்து யானை போன்ற பெரிய விலங்குகளோடு வரும் கருநிற மக்கள். பெரும்பாலும் முகமற்ற கூட்டமாகவே வந்து சாகிறார்கள். ஓரிடத்தில் மட்டும், இறந்து கிடக்கும் தெற்கத்திய வீரனைப் பார்த்து சாம் என்ற பாத்திரம், இவன் பெயர் என்னவோ, உண்மையிலேயே தீயவன்தானோ, வீட்டிலேயே இருந்திருக்க விரும்பியிருப்பானோ என்று நினைத்துக்கொள்கிறான். தெற்கத்திய ஓவியர் அந்த நினைப்பை எடுத்து, வேறொரு களத்துக்குக் கொண்டுவந்து, பகைவனுக்கு ஒரு முகம் கொடுத்திருக்கிறார், பூவும் கொடுத்திருக்கிறார். அரசரின் பார்வை இடப்பக்கம் கீழே, தன் கல்லின்மேல் இருக்கிறது. கொடிக்காரன் நம்மைப் பார்க்கிறான். படத்தில் நம்மைப் பார்க்கும் ஒரே கண் அவனுடையது. திரும்பத் திரும்ப ஒலித்தல் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஒளியின் கூர்மையும் அங்கேதான் இருக்கிறது. இதைத் தயங்காமல் எழுதலாம்: ஓவியர் இந்தப் போரின் இரண்டு பக்கங்களையும் ஒரே திணையில் வைக்கிறார். கதாசிரியர் ஓரமாகச் சொன்னதை அவர் நடுவுக்குக் கொண்டுவருகிறார்.

இத்தனைக்கும் பிறகு சில தொழில்நுட்பப் பொறிகள் இருக்கின்றன. இவற்றில் சிக்கி வீணான விளக்கங்கள் ஏராளம்.

பிரிண்டை வைத்து நிறத்தைப் பற்றிப் பேசாதீர்கள். திரையில் ஆர்ஜிபி முறையில் பளிச்சிடும் பச்சையும் நீலமும், சிஎம்ஒய்கே மையில் அச்சாகும்போது மங்கிவிடும். மங்கிய பச்சை மேலங்கி, தேயும் நாட்டின் குறியீடாக இருக்காது, அச்சு மையின் எல்லையாகவே இருக்கக்கூடும். இயன்றால் மூலக் கோப்பைத் திரையில் பாருங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி (300 டிபிஐ) என்ற அளவில் அச்சுக்குத் தயாரான ஏ3 கோப்பு 3508 × 4961 பிக்சல் இருக்கும். பூவின் உதட்டை அந்த அளவில்தான் பார்க்க முடியும்.

இன்ஸ்டாகிராமில் 4:5 விகிதத்துக்கு வெட்டிப் போட்ட படம் முழுப்படம் அல்ல. 1080 பிக்சல் அகலத்தில் ஏ3 தாளின் உயரம் 1527 வர வேண்டும், 4:5-இல் 1350-தான். ஏறக்குறைய 12 விழுக்காடு போய்விடுகிறது. நம் படத்தில் கீழிருந்து வெட்டினால் முதலில் போவது அந்த வெற்றுக்கல்தான். 16 கல்லை மட்டும் பார்த்தவர் அதை முன்னோருக்கு அஞ்சலி என்று எழுதுவார், அவர் பார்த்த படத்துக்கு அது சரியும்கூட.

புல், இலை, மேகம், புகை ஆகியவற்றின் அமைப்பில் பொருள் தேடுவது பெரும்பாலும் வீண். அவை ஆயத்த பிரஷ்களால் ஒரே இழுப்பில் விழுபவை. குதிரையின் கால் நிலை 3டி மாதிரியிலிருந்து வந்திருக்கலாம். காசு கொடுத்து வரையச் சொன்ன படமாக இருந்தால், தும்பையைக் கேட்டது வாடிக்கையாளராக இருக்கலாம். அப்போது விளக்கம் மாற வேண்டியதில்லை, யார் சொல்கிறார்கள் என்பது மட்டும் மாறும். படம் ஏஐ கருவியில் உருவானதோ என்ற ஐயம் வந்தால் எண்ணிக்கையைச் சோதியுங்கள். இரண்டு பூங்கொத்துகள் ஒரே உறுப்பமைப்போடு இருக்கின்றனவா? கொம்பின் வார் எங்கிருந்து எங்கே போகிறது? கற்களில் செதுக்கல் உருவமாக இருக்கிறதா, உருவம் போன்ற கீறலாக இருக்கிறதா? இவை குழம்பினால், உழைப்பை வைத்துக் கேட்ட கேள்வி செல்லாது. அதன்மேல் கட்டிய விளக்கமும் நிற்காது.

“படைப்பாளி நினைக்காததை நாம் சொல்லலாமா” என்ற வழக்கமான கேள்விக்கு டோல்கீனே பதில் சொல்லியிருக்கிறார். இரண்டாம் பதிப்பின் முன்னுரையில், ஒன்றுக்கு ஒன்று என்று பூட்டிய உருவகக் கதை தனக்குப் பிடிக்காது என்றும், வாசகர் தம் அனுபவத்தோடு பொருத்திப் பார்க்கும் சுதந்திரமே தனக்கு உகந்தது என்றும் எழுதினார். அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தும்போது எழுத்தில் மூன்று குரல்களைப் பிரித்து வையுங்கள். “படத்தில் இருக்கிறது”, “கதையில் இருக்கிறது”, “இப்படித் தோன்றுகிறது”. மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால், படிப்பவர் உங்கள் ஊகத்தைப் படத்தின் உண்மை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஓவியரை நேரில் சந்திக்க வாய்த்தால், “இதற்கு என்ன பொருள்” என்று கேட்பதில் பயன் குறைவு. பெரும்பாலானவர்கள் கூச்சத்தோடு “சும்மா வரைஞ்சது” என்பார்கள். எப்படி வரைந்தார்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். கொடி பிடித்தவரின் முகம் முதல் ஸ்கெட்ச்சிலேயே இருந்ததா, கடைசியில் சேர்த்ததா? பூவுக்கு எதைப் பார்த்து வரைந்தீர்கள்? ப்ரோகிரியேட் என்ற ஓவியச் செயலியில் வரைந்திருந்தால், வரைந்ததை வேகமாக ஓட்டிக் காட்டும் டைம்லாப்ஸ் பதிவு பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும். எந்த லேயர் எப்போது வந்தது, எது அழிந்து எது மிஞ்சியது என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம்.